தபாலில் வந்த வசியம்

என் வீட்டுக்கு நான்தான் தலைவன் என்று ஒரு சனிக்கிழமை காலை உறுதியாக முடிவெடுத்தேன். ஆர்லீன் அப்போது மளிகைக் கடைக்குப் போயிருந்தாள். இந்த மாதிரி முடிவுகளை அவள் மளிகைக் கடையில் இருக்கும்போதுதான் நான் எடுப்பது வழக்கம்.

திரும்பி வந்தவள் பைகளை மேசையில் வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்ன, முகம் ஒரு மாதிரி இருக்கு? வயித்து வலியா?"

"முடிவெடுத்திருக்கேன்."

"நல்லது. பால் புட்டியை எடுத்து உள்ள வை."

வைத்தேன். முடிவு வேறு, பால் வேறு. பால் கெட்டுப்போகும்.

விஷயம் இதுதான். போன மாதம் ஆர்லீன் பக்கத்து ஊர் கார்வில்லுக்கு ஒரு வாணலி வாங்கப் போனாள். அங்கே பெரிய கடை. பக்கத்தில் நின்று எதை எடுப்பது என்று திகைத்துக்கொண்டிருந்த இரண்டு அம்மாக்களுக்கு, எது அடிப்பிடிக்கும், எது அடிப்பிடிக்காது, எதைப் புருஷன் தலையில் போட்டாலும் நசுங்காது என்றெல்லாம் விளக்கியிருக்கிறாள். அவர்கள் ஆளுக்கு மூன்று வாங்கிக்கொண்டு போனார்களாம். கடை மேனேஜர் தூணுக்குப் பின்னால் நின்று இதைப் பார்த்துவிட்டு ஓடிவந்து, "அம்மா, நீங்க எப்ப வேலைக்குச் சேர்றீங்க?" என்று கேட்டாராம்.

நானும் விற்பனையாளன்தான். எங்கள் ஊரில், வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில், லேதம் என்பவரின் கடையில் குழாயும் கழுவுதொட்டியும் விற்கிறேன். என்னை யாரும் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்ததில்லை. லேதம் நேராக என் முன்னால் நின்றே பார்ப்பார். பெருமூச்சு விட்டுவிட்டுப் போவார்.

கார்வில்லுக்கு பஸ் கிடையாது. காரில்தான் போகவேண்டும். கார் என்றால் என் பச்சைக் கார். எனக்கே அதில் உட்காரும்போது மனசு கூசும், அத்தனை பளபளப்பு. கல்யாணமான புதிதில் ஆர்லீன் அதை ஒரு தடவை ஓட்டினாள். பின்னோக்கி. வாசலில் இருந்த தபால் பெட்டி படுத்துவிட்டது. அன்றே அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன்: நான் என் வாயால் சரி என்று சொல்லாமல் அந்தச் சாவியைத் தொடக்கூடாது. ஆர்லீனைப் பற்றி எத்தனையோ குறை சொல்லலாம், பக்கத்தில் அவள் இல்லாவிட்டால். ஆனால் கொடுத்த வாக்கை மீறினாள் என்று சொல்ல முடியாது.

ஆகவே ஒரு மாதமாக எங்கள் வீட்டில் தினமும் இந்தப் பேச்சு.

"சரின்னு சொல்லேன்."

"மாட்டேன்."

"ஏன்?"

"நீ வேலைக்குப் போனா ராத்திரி சாப்பாட்டுக்கு யாரு?"

"நீதான். வழக்கமா நீதானே சாப்பிடற?"

"யாரு சமைக்கிறதுன்னு கேட்டேன்."

"அதுக்கும் நீதான்."

உண்மையைச் சொன்னால் எனக்கு இரவுச் சாப்பாடு பெரிய விஷயம் இல்லை. சுவருக்கு என்ன வண்ணம், ஞாயிற்றுக்கிழமை எங்கே, என் தலையில் முடி எவ்வளவு நீளம், எல்லாவற்றிலும் ஆர்லீன் சொன்னதுதான் நடக்கும். இந்த ஒரு விஷயத்தில்தான் நான் ஜெயித்துக்கொண்டிருந்தேன். அதையும் விட்டால் அப்புறம் என்னிடம் என்ன இருக்கிறது? காமிக்ஸ் இருக்கிறது.

ஆமாம். எனக்கு வயது நாற்பத்திரண்டு. காமிக்ஸ் படிக்கிறேன். செய்தித்தாளை அகலமாக விரித்து, அதற்குள் காமிக்ஸை வைத்து, முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டு படிப்பேன். எதிரே இருப்பவர்கள், 'வென்டல் ரஷ்யாவைப் பற்றி ரொம்பக் கவலைப்படுகிறார்' என்று நினைத்துக்கொள்வார்கள். கதைகளைவிட எனக்குப் பிடித்தது கடைசிப் பக்க விளம்பரங்கள். கூப்பனை வெட்டு, தபாலில் போடு, அதிசயம் உன் வீடு தேடி வரும்.

அதிசயங்கள் வந்தன. முதலில் நீர்மூழ்கிக் கப்பல். படத்தில் இரண்டு பேர் உள்ளே சௌகரியமாக உட்கார்ந்து எதிரிக் கப்பலைத் தகர்த்துக்கொண்டிருந்தார்கள். வந்தது அட்டை. கோடு போட்ட இடத்தில் மடித்து, ஓட்டையில் அட்டை நுனியைச் செருகி, பின்பக்கப் புல்வெளியில் நிறுத்தினேன். சாயங்காலம் லேசாகத் தூறியது. தரையிலேயே மூழ்கிய கப்பல் உலகத்தில் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

"அட்டைப் பெட்டிக்குள்ள அட்டையை வச்சு அனுப்பியிருக்கான்," என்றாள் ஆர்லீன். "ரெண்டுல பெட்டிதான் கெட்டி. அதை வச்சுக்கோ."

அடுத்தது, எலும்புவரை ஊடுருவிப் பார்க்கும் கண்ணாடி. மாட்டிக்கொண்டு என் கையைப் பார்த்தேன். மங்கலாக இரண்டு கைகள் தெரிந்தன. ஆர்லீனைப் பார்த்தேன். இரண்டு ஆர்லீன். அவசரமாகக் கழற்றிவிட்டேன்.

பிறகு ஏழடி உயரப் பேய். ஒரு பலூன், ஒரு வெள்ளை பிளாஸ்டிக் தாள், ஒரு நூல்கண்டு. பக்கத்து வீட்டு கிளீட்டஸைப் பயமுறுத்தலாம் என்று வேலிக்கு மேலே பறக்கவிட்டேன். "வென்டல், உங்க வீட்டுத் துணி பறக்குது, எடுத்துக்கோ," என்று கையில் பிடித்துக் கொடுத்தான்.

கடைசியாக ஒரு பொட்டலம் பொடி. ஜாடித் தண்ணீரில் போட்டால் ஒரு நீர்வாழ் குடும்பமே உயிர்பெற்று விளையாடும் என்று போட்டிருந்தது. படத்தில் அப்பாவுக்குக் கிரீடம், அம்மாவுக்கு முத்துமாலை. ஒரு வாரம் ஜாடி முன்னால் தவம் கிடந்தேன். தூசி மாதிரி ஏதோ நெளிந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கிரீடம் இல்லை. அழுக்குத் தண்ணீர் என்று நினைத்து ஆர்லீன் ஜாடியை ஜன்னலோரப் பூச்செடியில் ஊற்றிவிட்டாள். ராஜ வம்சம் அத்தோடு அழிந்தது. செடி மட்டும் தளதளவென்று வளர்ந்தது.

இதற்கெல்லாம் அசருகிறவன் நான் இல்லை. அந்தச் சனிக்கிழமை, பாலை உள்ளே வைத்துவிட்டு வந்து செய்தித்தாளை விரித்தேன். அதற்குள் அது இருந்தது.

'எவரையும் வசப்படுத்துங்கள்! சுழலும் வசிய வில்லை! பார்த்த மறுநொடி உங்கள் சொல்லே சட்டம்!'

படத்தில் கூர்தாடி வைத்த ஒருவர் கையை நீட்டிக்கொண்டு நின்றார். எதிரே ஒரு பெண், கண்ணெல்லாம் சுருள் சுருளாக. அவளுடைய தாடை அப்படியே ஆர்லீன் தாடை. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கூப்பனை வெட்டினேன். இந்த முறை வீட்டு விலாசம் கொடுக்கவில்லை. கடை விலாசம் கொடுத்தேன். அனுபவம் என்று ஒன்று இருக்கிறதே.

பார்சல் வந்தது. கோட்டுப் பட்டன் அளவில் ஒரு பிளாஸ்டிக் வில்லை. அதன்மேல் கறுப்பு வெள்ளையில் ஒரு சுழலை ஒட்டியிருந்தார்கள். கோணலாக. கூடவே நாலு பக்கத்துக்கு ஒரு குட்டிப் புத்தகம். மயக்குவது எப்படி என்று மூன்று பக்கம். மயக்கத்தைத் தெளியவைப்பது எப்படி என்று பார்க்க நாலாவது பக்கத்தைத் திருப்பினால், அங்கே அரிப்புப் பொடிக்கு விளம்பரம் போட்டிருந்தது.

முதல் பரிசோதனை கிளீட்டஸ் மேல். அவன் வீட்டு முன்வாசலில் ஆடும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

"இதைப் பாரு, கிளீட்டஸ்."

"என்னது?"

"பாரேன்."

பார்த்தான். கொட்டாவி விட்டான். கண் சொருகியது. குறட்டை கிளம்பியது.

வில்லை வேலை செய்கிறது! நியாயமாக ஒன்று சொல்லவேண்டும். கிளீட்டஸ் எதைப் பார்த்தாலும் தூங்குவான். சர்ச்சில் எழுந்து நின்று பாடிக்கொண்டிருக்கும்போதே தூங்கியிருக்கிறான். ஆனால் வெற்றி கண்ட விஞ்ஞானிக்கு இதெல்லாம் தோன்றாது. அவனை உலுக்கி எழுப்பி, நடந்ததையும் நடக்கப்போவதையும் சொல்லி, யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்றேன். "சத்தியமா," என்றான். கிளீட்டஸ் வாயில் எதுவும் நிற்காது. பல்செட்கூட நிற்காது. அது தெரிந்தும் சொன்னேன். சாதித்தவன் யாரிடமாவது சொல்லித்தானே ஆகவேண்டும்?

மறுநாள் சாயங்காலம் சமையலறைக்குள் போனேன். ஆர்லீன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

"ஆர்லீன், கொஞ்சம் திரும்பு."

"வெங்காயம் வெட்டிட்டிருக்கேன்."

"ஒரு நிமிஷம். இதைப் பாரு."

"கோட்டு பட்டன் பிஞ்சு போச்சா? அங்க வை, அப்புறம் தச்சுத் தரேன்."

"பட்டன் இல்ல. இதோட நடுவுல உத்துப் பாரு."

"நடு எங்க இருக்கு? கோணலா ஒட்டியிருக்கான்."

"பேசாதே. மூச்சை மெதுவா விடு. உன் கண்ணு கனக்குது…"

"அது வெங்காயம்."

"கண்ணு கனக்குது. இமை தானா மூடுது. என் குரலைத் தவிர உனக்கு ஒண்ணுமே கேட்கல…"

"அடுப்புல ஏதோ தீயற மாதிரி கேட்குது."

"தீயறது கேட்காது, ஆர்லீன்! வாசனைதான் வரும்!"

"வருது."

அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு வந்தேன். அவள் கத்தியைக் கீழே வைத்தாள். வில்லையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். என்னை ரொம்ப நேரம் பார்த்தாள். மறுபடி வில்லையைப் பார்த்தாள். மெல்லத் தலை சரிந்தது. கைகள் தொங்கின.

"ஆர்லீன்?"

"சொல்லுங்க, எஜமான்."

சொல்லுங்க! தாலி கட்டாத குறையாக மோதிரம் மாட்டிய நாளிலிருந்து அவள் என்னை நீ என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். அதுவே அவள் நல்ல மனநிலையில் இருக்கும்போது. எஜமான் என்று கூப்பிடச் சொல்லிப் புத்தகத்தில்கூடப் போடவில்லை. அதுவாகவே வந்தது.

நாற்காலியை இழுத்துப் போட்டுக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தேன்.

"இனிமே கார் ஓட்டணும்னு கேட்கக் கூடாது."

"உத்தரவு, எஜமான்."

"காப்பி."

"உத்தரவு, எஜமான்."

"ஷூவைத் துடை."

துடைத்தாள். கண்ணாடி மாதிரி மின்னியது. ஒரு ஷூ.

"இன்னொண்ணு?"

"ஷூவைன்னுதான் சொன்னீங்க, எஜமான். ஷூக்களைன்னு சொல்லல."

மயக்கத்தில் இருப்பவர்கள் சொன்ன சொல்லை அப்படியே செய்வார்கள் என்று புத்தகத்தில் இருந்தது. அந்த இடத்தை நான் இன்னும் கவனமாகப் படித்திருக்கவேண்டும்.

மறுநாள் காலை அவசரம். சட்டை கசங்கியிருந்தது. "அந்த இஸ்திரிப் பெட்டியைப் போடு," என்றேன்.

போட்டாள். என் கால் கட்டைவிரலுக்கும் அதற்கும் நடுவில் ஒரு காகிதம் நுழையும் இடம்தான் இருந்தது.

"கதவைச் சாத்து," என்றேன். மாவு தேய்க்கும் கட்டையை எடுத்துக்கொண்டு போய் நாலு சாத்து சாத்தினாள். கதவில் பள்ளம்.

சாயங்காலம் குத்துச்சண்டை ஒளிபரப்பு. ஏதோ நினைவில், "டிவியைப் போடு," என்று சொல்லிவிட்டேன். சொன்ன மறுகணம் புரிந்தது. அதற்குள் அவள் இரண்டு கையாலும் டிவியைக் கட்டிப்பிடித்து மார்பு உயரத்துக்குத் தூக்கியிருந்தாள்.

"போடாதே!" என்று பாய்ந்து அடியில் போய்ப் படுத்துக்கொண்டேன்.

"போடட்டுமா, போட வேண்டாமா, எஜமான்?"

"வேண்டாம்! கீழ வை! மெதுவா! என் மேல இல்ல!"

குத்துச்சண்டையைக் கடைசிவரை பார்க்கவில்லை.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது வேறு ஒன்று. சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்து தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். லேதம் ஒரு கழுவுதொட்டியில் கால் மாட்டிக்கொண்ட கதையைச் சொன்னேன். உண்மையில் மாட்டிக்கொண்டது என் கால். இருந்தாலும் நல்ல கதை. எப்போதும் இப்படிப்பட்ட இடத்தில் ஆர்லீன், "அது நீதானே?" என்று கேட்டுவிட்டு மேசையைத் தட்டித் தட்டிச் சிரிப்பாள்.

கதை முடிந்தது.

"சிரிக்கட்டுமா, எஜமான்?" என்று கேட்டாள்.

தட்டைத் தள்ளி வைத்தேன். வீடே யாரோ செத்துப்போன வீடு மாதிரி இருந்தது.

தெளியவைக்கப் பார்த்தேன். கையைத் தட்டினேன். விரலைச் சொடுக்கினேன். காதில் போய்க் கூவினேன். "உன் அம்மா வந்திருக்காங்க!" என்றுகூடக் கத்திப் பார்த்தேன். நான்தான் திடுக்கிட்டேன். நாலாம் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் புரட்டினேன். அரிப்புப் பொடி. அரிப்புப் பொடி. அரிப்புப் பொடி.

இந்த நிலைமையில்தான் லேதம் கடைக்கு ஒரு பெரியவர் வந்தார். நெடுஞ்சாலையில் புதிதாக ஒரு மோட்டல் கட்டுகிறவர். அறைக்கு ஒன்றாகக் கழுவுதொட்டி வேண்டும். "வென்டல், இதை விட்டுட்டீங்கன்னா, அடுத்த வாரம் நீங்க வேற எங்கயாவதுதான் நிக்கணும்," என்று லேதம் என் காதோடு சொல்லிவிட்டு உள்ளே போய் நின்றுகொண்டார்.

நான் இருமிக்கொண்டு ஆரம்பித்தேன். "ஐயா, இந்தத் தொட்டி இருக்கே…"

டெலிபோன் அடித்தது.

"எஜமான், பால்காரர் வந்திருக்கார். கதவைத் திறக்கட்டுமா?"

"திற," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வைத்தேன். "ஐயா, இந்தத் தொட்டியோட சிறப்பு என்னன்னா…"

டெலிபோன்.

"திறந்துட்டேன், எஜமான். மூடட்டுமா?"

"மூடு!"

"பால்காரர் உள்ள இருக்கார்."

"அவரை வெளிய விட்டுட்டு மூடு!"

மோட்டல்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். "மன்னிச்சுக்குங்க ஐயா. இதோட பளபளப்பு…"

"எஜமான், உருளைக்கிழங்கைத் தோலோட வேகவைக்கட்டுமா, தோல் இல்லாமலா?"

"எஜமான், உப்பு ஒரு சிட்டிகைன்னு போட்டிருக்கு. உங்க சிட்டிகையா, என் சிட்டிகையா?"

"எஜமான், தும்மல் வருது. தும்மட்டுமா?"

ஒவ்வொரு தடவையும் தொட்டிக்கும் டெலிபோனுக்கும் நடுவே ஓடினேன். மோட்டல்காரர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். உள்ளேயிருந்து லேதம் பெருமூச்சு விடுவது கேட்டது. மறுபடி டெலிபோன்.

"எஜமான், ஒரு சந்தேகம்."

"என்ன?" என்று அலறினேன்.

"எதைச் செய்யணும்னாலும் உங்களைக் கேட்கணுமா?"

"வேண்டாம்! உன் இஷ்டப்படி செய்! என்ன தோணுதோ செய்!"

"வீட்டுல எதைத் தொடணும்னாலும்…"

"எதை வேணாலும் தொடு!"

"எங்கயாவது போகணும்னா…"

"எங்க வேணாலும் போ! என்னைக் கேட்காத!"

"அப்ப எல்லாத்துக்கும் சரிங்கிறீங்களா, எஜமான்?"

"சரி! சரி! சரி!"

"உத்தரவு," என்றாள்.

எங்கள் தெருவில் நாலு வீட்டுக்கு ஒரே டெலிபோன் கம்பி. ஒரு வீட்டில் பேசினால் மற்ற மூன்று வீட்டிலும் எடுத்துக் கேட்கலாம். கேட்பார்கள். கம்பிக்குள்ளிருந்து இன்னொரு குரல் வந்தது. கிளீட்டஸ் மனைவி வெர்னா.

"மூணு தடவை சரின்னான், ஆர்லீன். நான் சாட்சி."

சாட்சி எதற்கு என்று நான் யோசித்திருக்கவேண்டும். ஆனால் டெலிபோன் அடிப்பது நின்றுவிட்டது. அந்த நிம்மதியில் மூளை வேலை செய்யவில்லை. மோட்டல்காரரை வாசல்வரை துரத்திப் போய்த் திரும்ப உள்ளே அழைத்து வந்து, வார்ப்பிரும்பு, பீங்கான், வடிகுழாயின் விட்டம் என்று எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவர் கண் கிளீட்டஸ் கண் மாதிரி சொருக ஆரம்பித்தது. கையில் வில்லைகூட இல்லாமல்.

அப்போது வெளியே ஒரு கார் வந்து நின்றது. பச்சைக் கார். கடை வாசலில் இரண்டு லாரிகளுக்கு நடுவே இருந்த இடுக்கில், பின்னோக்கி, ஒரே மூச்சில் நுழைந்து நின்றது. நான் அந்த இடத்தில் நிறுத்தவேண்டும் என்றால் ஒரு லாரியை எடுக்கச் சொல்வேன்.

கதவைத் திறந்துகொண்டு ஆர்லீன் இறங்கினாள். ஞாயிற்றுக்கிழமைத் தொப்பி, கையுறை.

"ஆர்லீன்!" என்றேன்.

அவள் என்னைத் தாண்டி மோட்டல்காரரைப் பார்த்தாள். அவர் முன்னால் இருந்த தொட்டியைப் பார்த்தாள்.

"இதையா வாங்கப் போறீங்க?"

"யோசிச்சிட்டிருக்கேன், அம்மா."

"உங்க மோட்டல்ல அறையை யாரு சுத்தம் பண்ணுவாங்க?"

"என் மனைவியும் என் மகளும்."

"அப்ப அதை விடுங்க. அதோட மூலைல கை நுழையாது. தினமும் குனிஞ்சு சுரண்டி அவங்களுக்கு இடுப்பு போயிடும், அப்புறம் உங்களுக்குச் சாப்பாடு போயிடும். அதோ, அந்த உருண்டையா இருக்கறதைப் பாருங்க. ஒரே துடைப்பு. எங்க வீட்டுல அதுதான் இருக்கு. இவரே துடைச்சிடுவார்னா பாத்துக்குங்க."

மோட்டல்காரர் என்னைப் பார்த்தார். இவனே துடைக்கிறான் என்றால் நிச்சயம் சுலபமாகத்தான் இருக்கும் என்று அவர் முகத்தில் தெரிந்தது. தொப்பியைக் கழற்றினார். எல்லா அறைக்கும் எழுதிக்கொள்ளச் சொன்னார். சமையலறைக்கும் சேர்த்து.

லேதம் உள்ளேயிருந்து ஏறக்குறைய ஓடி வந்தார்.

"வென்டல், இவங்க யாரு?"

"என் மனைவி."

"உங்க மனைவியா?" என் கையைப் பிடித்துக் குலுக்கினார். என்னிடம் இருக்கும் ஒரே நல்ல அம்சத்தை அவர் அன்றுதான் கண்டுபிடித்தார் என்று தோன்றியது. "அம்மா, நீங்க இங்க வேலைக்கு வரலாமே? வென்டல் பக்கத்துலயே நிக்கலாம். வென்டல் இருந்த இடத்துலகூட நிக்கலாம்."

"மன்னிக்கணும். திங்கக்கிழமை கார்வில்ல சேர்றேன். சரின்னு இவர் உத்தரவு குடுத்துட்டார்." என் பக்கம் திரும்பினாள். "கடை மூடற நேரம் ஆயிடுச்சில்ல? ஏறு. வீட்டுக்குப் போலாம்."

ஏறினேன். அந்தப் பக்கத்து சீட்டில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. காலை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியவில்லை. கார் வெண்ணெயில் கத்தி போவதுபோல் லாரிகளுக்கு நடுவிலிருந்து நழுவியது.

தலைவனுக்கு இன்னும் ஓர் ஆயுதம் பாக்கி இருந்தது. சட்டைப் பைக்குள் கையை விட்டு வில்லையை எடுத்தேன்.

"ஆர்லீன், இப்படித் திரும்பி இதைப் பாரு. உன் கண்ணு கனக்குது…"

"வண்டி ஓட்டும்போது குறுக்க எதையாவது நீட்டாத. போய் எதுலயாவது முட்டிப்போம். அப்புறம் என்மேல பழி போடுவ."

நீட்டாத. பழி போடுவ. எங்கே போனது நீட்டாதீங்க? எங்கே போனார் எஜமான்?

கோபம் வந்திருக்கவேண்டும். வந்திருந்தால் நான் ஒப்புக்கொள்வேன். ஆனால் அந்த 'நீட்டாத' காதில் விழுந்ததும் எனக்கு நெஞ்சுக்குள் ஏதோ இளகி, மூச்சு தாராளமாக வந்தது. என் ஆர்லீன் திரும்பி வந்துவிட்டாள். கதவில் பள்ளம், கடையில் அவமானம், கையில் சாவி இல்லை. இருந்தாலும் வந்துவிட்டாள்.

"எப்ப ஓட்டக் கத்துக்கிட்ட?" என்று கேட்டேன்.

"வெர்னா சொல்லிக் குடுத்தா. கிளீட்டஸ் லாரியில. உன் சாவியை நான் தொடவே இல்ல. லைசென்ஸ்கூட வாங்கியாச்சு. நீ சரின்னு சொல்ற ஒண்ணுதான் பாக்கி இருந்துச்சு."

"அப்ப அந்த வில்லை பத்தி…"

"நீ கிளீட்டஸ்கிட்ட காட்டினியே, அன்னிக்கே தெரியும். கிளீட்டஸ் வெர்னாகிட்ட சொன்னான். வெர்னா என்கிட்ட சொன்னா. மறுநாள் முழுக்க வெங்காயத்தை வச்சுக்கிட்டுக் காத்திருந்தேன், நீ எப்ப வருவேன்னு."

"டிவியைப் போட்டிருந்தா?"

"போட்டிருக்க மாட்டேன். நீ அடியில வந்து படுப்பன்னு தெரியும். உன் மேல போடறதா, வேண்டாமான்னு கொஞ்சம் யோசிச்சேன், அவ்வளவுதான்."

கார் எங்கள் தெருவுக்குள் திரும்பியது. வெர்னா வாசலில் நின்று கையசைத்தாள். பக்கத்தில் கிளீட்டஸ் நின்றவாக்கில் தூங்கிக்கொண்டிருந்தான். எனக்கு ஒரே ஒரு கேள்விதான் மிச்சம் இருந்தது. கேட்காமல் இருந்திருக்கலாம்.

"உண்மையைச் சொல்லு, ஆர்லீன். ஒரு நிமிஷம்கூட நீ என்கிட்ட மயங்கலையா?"

அவள் காரை நிறுத்தினாள். சாவியை எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"ஒரு தடவை மயங்கினேன்."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "எப்ப?"

"நம்ம கல்யாணத்தன்னிக்கு, சர்ச்சுல," என்றாள் ஆர்லீன். "கேக் வெட்டறதுக்குள்ள தெளிஞ்சிடுச்சு."